வற்றம் இறங்கும் நேரம்

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மருமகன் கேட்டார்: “மாமா, பிள்ளைகளை முகத்துவாரம் வரை படகில் அழைத்துப் போகலாமா?”

பெரியவரும் சிறியவருமாகப் பன்னிரண்டு பேர். படகு ஒன்று. மிதவைச் சட்டை ஒன்றுகூட இல்லை. “வேண்டாம், மாப்பிள்ளை” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “மீனவர் வீட்டிலேயே தண்ணீருக்குப் பயமா?” என்று சிரித்தார்.

பழவேற்காடு ஏரியை முதன்முறை காண்பவர்க்கு அச்சம் தோன்றாது. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான், பேரலையும் இல்லை. ஆனால் பெருக்கின்போது கடல் உள்ளே புகும். வற்றத்தின்போது புகுந்த நீரெல்லாம் குறுகிய முகத்துவாரத்தின் வழியே வெளியேறப் பாயும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அந்த இழுப்பு மிகும். மணல்திட்டுகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று முழங்காலளவு இருந்த இடத்தில் இன்று ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம்.

இதை நான் ஏட்டில் படிக்கவில்லை. பதினொரு வயதில், சித்தப்பாவின் சொல்லைக் கேளாமல் முகத்துவாரத்தருகே நண்டு பிடிக்க இறங்கினேன். கால் தரையை விட்டது. கரையை நோக்கி நீந்த நீந்தக் கரை விலகிப் போயிற்று. மூச்சு முட்டியது. திட்டின்மீது ஓடிவந்த சித்தப்பா, “எதிர்த்து நீந்தாதேடா! மல்லாந்து கிட! குறுக்கே வா!” என்று அலறினார். மல்லாந்தேன், மூச்சு திரும்பியது. பின் நீரோட்டத்துக்குக் குறுக்கே கைவீசி, வெகுதூரம் தள்ளி ஒரு திட்டில் ஒதுங்கினேன். அன்று அவர் அடித்த அடி மறந்துவிட்டது. அடித்த கை நடுங்கியது மறக்கவில்லை.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இதே ஏரியில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதற்கு முந்திய நாள் அமாவாசை. விபத்துக்கு அதுவே காரணம் என்று கூற நான் யார்? ஆயினும் அன்று எங்கள் வீட்டில் விழாப் பலகாரத்தை எவரும் தொடவில்லை. அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவிலும் எனக்கு அந்நாள் நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது அவர் பேசவில்லை. மனத்தாங்கலோ என்று இரவெல்லாம் எனக்குக் கவலை.

மறுநாள் காலை, முகத்துவாரத்துக்கு வெகுதொலைவில், வலைக்கம்புகள் இல்லாத உட்புறக் கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். கோல் ஊன்றி ஆழம் பார்த்தபின், செருப்புக் காலுடனேயே இறங்கச் சொன்னேன். சிப்பி ஓடு பாதத்தை அறுத்துவிடும். நீந்தக் கற்பிக்குமுன் மல்லாந்து மிதக்கக் கற்பித்தேன்.

கரையில் நின்றிருந்த மாப்பிள்ளை சற்று நேரம் தயங்கினார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு என்னருகே வந்து, பிள்ளைகளுக்குக் கேளாத குரலில் சொன்னார்: “மாமா, எனக்கும் நீச்சல் தெரியாது.”