பொன்னும் ஒளியும்

பொன்னின் நிறம் யாதென வினவின், மஞ்சள் என்றே எவரும் விடை கூறுவர். ஆயினும், அப்பொன்னையே கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களாக்கி நீரில் பரப்பினால், அந்நீர் மாதுளை முத்துப் போலச் சிவந்து தோன்றும். இதன் காரணத்தை முறையாக ஆராயப் புகுந்தவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில நாட்டு அறிஞர்.

1856ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரிலுள்ள இராயல் நிறுவனத்தில் அவர் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். அப்பொழுது அவர் 60 வயதைக் கடந்திருந்தார், நினைவாற்றலும் தளர்ந்திருந்தது. ஆயினும் அவருடைய ஊக்கம் தளரவில்லை. மெல்லிய பொன்தகட்டைக் கண்ணாடியில் பதிக்குங்கால், எஞ்சிய நீர் சற்றே சிவந்திருக்கக் கண்டார். கழுநீர்தானே எனப் பிறர் அதனைக் கொட்டியிருப்பர். அவரோ குப்பியில் எடுத்து வைத்து, அதனூடே ஒளிக்கற்றையைச் செலுத்தினார். ஒளி சென்ற வழி நீரினுள் தெளிவாகத் தெரிந்தது.

கதவிடுக்கின் வழியே புகும் வெயிலின் பாதையை, அதில் மிதக்கும் தூசியன்றோ நமக்குக் காட்டுகின்றது? அங்ஙனமே, செந்நீரில் பொன்துகள்கள் மிதக்கின்றன என்று பாரடே துணிந்தார். உருப்பெருக்கியாலும் காணவொண்ணாத துகள்களை ஒளியே காட்டிக் கொடுத்தது. அந்நீரில் சிறிது உப்பை இட்டவுடன் செம்மை நீங்கி நீலம் தோன்றியது. பொன் கூடவுமில்லை, குறையவுமில்லை. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன, அவ்வளவே. இம்முடிவுகளை அவர் 1857ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நிறம் மாறுவது எதனால்? பொன்னில் எலெக்ட்ரான் என்னும் மின்துகள்கள் கட்டின்றி உலவுகின்றன. ஒளியோ அலையாக வருவது. பொன்துகள் அவ்வலையினும் மிகச் சிறியதாயின், அதிலுள்ள எலெக்ட்ரான்கள் யாவும் ஒருசேர ஊசலாடும். ஊஞ்சலை அதன் ஓட்டத்திற்கு ஒத்துத் தள்ளினாலன்றி அது உயர எழாது. அதுபோல, தம் ஊசலுக்கு ஒத்த ஒளியையே அவை மிகுதியாக உட்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள பொன்துகள்கள் நீரில் பச்சை ஒளியை உட்கொள்கின்றன. செவ்வொளி தடையின்றி வெளிவருகின்றது. துகள்கள் நெருங்கிச் சேரின் ஊசலின் விரைவு குறைகின்றது. அவை செவ்வொளியை உட்கொள்ள, நீர் நீலமாகின்றது. ஒளியைத் துகள்கள் உட்கொள்ளும் முறையைக் கணக்கிட்டு விளக்கியவர் குஸ்தாவ் மீ என்னும் செருமானிய அறிஞர். ஆண்டு 1908. பாரடே மறைந்து 41 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்று மருத்துவச் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் செங்கோடு இத்தகைய பொன்துகள்களால் ஆயதே. பாரடே ஆக்கிய பொன்நீர்க் குப்பிகள் சில, இராயல் நிறுவனத்தில் இன்றும் செம்மை மாறாமல் இருக்கின்றன. கழுநீரையும் கருத்துடன் நோக்கிய அப்பெரியாரின் நோக்கு, மாணவர் யாவரும் பயிலத்தக்கது.