பஞ்சு போகும் வழி

வெயிலில் கொடி கட்டித் துணி உலர்த்தி வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் எம் தமையனார் இல்லத்தில் அவ்வேலையை டிரையர் செய்கிறது. அது வெளியேற்றும் சூடான காற்றில் ஈரத்தோடு, துணியினின்று உதிர்ந்த பஞ்சும் செல்கிறது. வடிகட்டிக்குத் தப்பிய பஞ்சு குழாயை அடைத்தால் வெப்பம் தேங்கும். பஞ்சோ பொறி பட்டாலே பற்றும். எரிவாயு டிரையராயின் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் திரும்பும்.

அங்கிருந்த மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயை அகற்றி, 4 அங்குல விட்டமுள்ள வழவழப்பான உலோகக் குழாயைப் பொருத்தச் செய்தோம். குழாய் குறுகிய வழியில், வளைவு குறைந்து, வீட்டுக்கு வெளியே திறக்கவேண்டும், பரணில் அன்று. வாயில் பஞ்சு சிக்கும் வலை கூடாது. தானே மூடிக்கொள்ளும் தட்டு போதும்.

ஒவ்வொரு முறையும் வடிகட்டியை வழித்தெடுக்கும் அண்ணியார், பிள்ளைகள் உறங்கியபின் அதனை ஓடவிடுவதில்லை. கையில் வரும் அப்பஞ்சு, நம் ஆடைகள் சிறிது சிறிதாய்த் தேய்வதன் கணக்கன்றோ!