நான் உட்கார வைத்த ஒரு கேள்வி

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் மகனோடு வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்றாள். ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கு உலகத்திலேயே கஷ்டமான கேள்வி இதுதான். சிரித்துச் சமாளித்தேன்.

"தொண்ணூத்திரண்டு பேட்ச் சார். பத்தாவது. மூணாவது பெஞ்ச். இவன் செல்லுல ஒண்ணு காட்டினான் சார். பூமியைச் சுத்தி இருக்கிற காந்த எல்லையை எக்ஸ்ரே எடுக்கிறாங்களாம். நான் அன்னைக்கே கேட்டேன்ல?"

"என்னம்மா கேட்டே?"

"காந்தப்புலத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க முடியாதா சார்னு. 'அதென்ன எலும்பா, எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு? உட்காரு'ன்னீங்க. கிளாஸே சிரிச்சுது. அதுக்கப்புறம் நான் கேள்வியே கேட்கலை சார்."

இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பாடம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சட்டக் காந்தத்தின் மேல் வெள்ளைத்தாளை வைத்து, லேத் பட்டறையில் கேட்டு வாங்கி வந்த இரும்புத் தூளைத் தூவித் தட்டுவேன். வளைவு வளைவாகக் கோடுகள் எழும். "பூமியும் இப்படி ஒரு காந்தம்தான், ஆனால் அதன் புலம் கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். வருடா வருடம் இதே கதைதான். அவள் கேட்டதும் நான் சொன்னதும் எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இதையே தேடித் தேடிப் படித்தேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன். அவளுக்காகத்தான், ஆனால் நீங்களும் கேளுங்கள்.

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். சாதாரண நாளிலேயே வினாடிக்கு சுமார் 400 கிலோமீட்டர் வேகம். ஆற்றுத் தண்ணீர் பாலத்தூணில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போவதுபோல, இந்தக் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதி விலகிப் போகிறது. அது எந்த இடத்தில் தடுக்கப்படுகிறதோ, அதுதான் காந்தமண்டல எல்லை. சூரியனைப் பார்த்த பக்கத்தில் இது சாதாரணமாக பூமியிலிருந்து 60,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். காற்று பலமாக அடித்தால் உள்ளே நகரும், தணிந்தால் வெளியே போகும்.

இப்படி ஒரு எல்லை இருக்க வேண்டும் என்பதற்கு 1931-லேயே சாப்மனும் ஃபெராரோவும் வழி காட்டிவிட்டார்கள். 1961-ல் எக்ஸ்புளோரர் 12 விண்கலம் அதைக் கடந்து அளந்தது. ஆனால் ஒரு விண்கலம், தான் இருக்கும் இடத்தை மட்டும்தான் சொல்லும். ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது மாதிரி. கை பட்ட இடம் தெரியும். மொத்த அறை எப்படி இருக்கிறது என்று தெரியாது.

அப்படியானால் மொத்தமாக எப்படிப் பார்ப்பது? இங்கேதான் எக்ஸ்ரே வருகிறது.

சூரியனின் வெளி வளிமண்டலத்தில் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம். அந்தச் சூட்டில் ஆக்சிஜன் அணு தன் எட்டு எலக்ட்ரான்களில் ஆறு, ஏழு, சில சமயம் எட்டையுமே இழந்துவிட்டுச் சூரியக் காற்றோடு கிளம்பி வருகிறது. பூமியைச் சுற்றி வெகு தூரம் வரை மிக மெல்லிய ஹைட்ரஜன் வாயு பரவியிருக்கிறது. எலக்ட்ரானுக்கு ஏங்கி வரும் அந்த ஆக்சிஜன், வழியில் அகப்படும் ஹைட்ரஜனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கிய எலக்ட்ரான் மேல் படியில் வந்து விழுந்து, படிப்படியாகக் கீழே இறங்கும். இறங்கும்போது விடுகிற ஆற்றல்தான் எக்ஸ்ரே.

இப்போது யோசித்துப் பாருங்கள். எல்லைக்கு வெளியே சூரியக் காற்று நெரிசலாக இருக்கிறது, அங்கே எக்ஸ்ரே மினுங்கும். உள்ளே அந்தக் காற்று அவ்வளவாக நுழைய முடியாது, அங்கே இருட்டு. மழை பெய்யும்போது திண்ணையில் உட்கார்ந்து கீழே பாருங்கள். வெளியே தரை நனைந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்கும். நிமிர்ந்து பார்க்காமலே கூரையின் விளிம்பு எங்கே என்று சொல்லிவிடலாம். அதே கணக்குத்தான் இது. காந்தப்புலத்தை யாரும் படம் எடுக்கவில்லை. அது தடுத்து நிறுத்திய காற்றைப் படம் எடுக்கிறார்கள், விளிம்பு தானாகத் தெரிந்துவிடுகிறது.

ஆக, "புலம் கண்ணுக்குத் தெரியாது" என்று நான் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு பிள்ளையின் வாயை அடைத்தேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 1990-ல் ஏவப்பட்ட ரோசாட் என்ற எக்ஸ்ரே தொலைநோக்கி வானம் முழுவதையும் படம் எடுத்தபோது, காரணம் தெரியாத ஒரு மினுக்கம் கூடிக் குறைந்துகொண்டே இருந்தது. பிறகு 1996 மார்ச்சில் ஹயகுடாகே வால்நட்சத்திரம் வந்தது. அந்த வருடப் பிள்ளைகளை ராத்திரி பள்ளி மைதானத்தில் நிறுத்தி வடக்கே காட்டினேனே, நினைவிருக்கிறதா? அதே நாட்களில் ரோசாட் அதைப் பார்த்தபோது, பனிக்கட்டியாலான அந்த வால்நட்சத்திரத்திலிருந்து எக்ஸ்ரே வந்தது. விஞ்ஞானிகளே திகைத்துப் போனார்கள். 1997-ல் கிரேவன்ஸ் என்பவர் மேலே நான் சொன்ன எலக்ட்ரான் பிடுங்கும் விளக்கத்தைக் கொடுத்தார். பூமிக்குப் பக்கத்திலும் அதுவே நடக்கிறது என்பது அதற்குப் பிறகு தெளிவானது.

அதாவது, அவள் எழுந்து நின்று கேட்ட 1992-ல், பதில் ரோசாட்டின் பதிவுகளுக்குள்ளேயே கிடந்தது. அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பதில் தெரியாமல் போனதில் வெட்கம் இல்லை. சிரிக்க வைத்ததில்தான் வெட்கம்.

இந்தப் படத்தை எடுக்கும் கருவியும் ஒரு அழகு. எக்ஸ்ரேயைச் சாதாரண லென்ஸால் மடக்க முடியாது. ஆனால் குளத்தில் சில்லு எறிந்தால் சாய்வாகப் பட்டுத் துள்ளுகிறதல்லவா, அதுபோல வழுவழுப்பான பரப்பில் மிகச் சாய்வாகப் பட்டால் எக்ஸ்ரேயும் திரும்பும். சிங்கி இறாலின் கண் சின்னச் சின்னச் சதுரக் குழாய்களால் ஆனது. குழாயின் சுவர்களில் ஒளி பட்டுத் திரும்பிக் குவியும். அதே அமைப்பை எக்ஸ்ரேக்குப் பயன்படுத்தலாம் என்று 1979-ல் ரோஜர் ஏஞ்சல் எழுதினார். இப்போது கண்ணாடித் தகடுகளில் நுண்ணிய சதுரத் துளைகள் போட்டு அப்படியே செய்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கருவி, லெக்சி என்று பெயர், 2025 மார்ச் 2-ஆம் தேதி புளூ கோஸ்ட் என்ற விண்கலத்தில் நிலாவில் இறங்கியது, அங்கிருந்து பூமியின் பக்கம் பார்ப்பதற்காக. ஐரோப்பிய விண்வெளி முகமையும் சீன அறிவியல் கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஸ்மைல் என்ற விண்கலம் இதற்கென்றே உள்ளது. வடதுருவத்துக்கு மேலே 1,21,000 கிலோமீட்டர் உயரம் வரை போய், மணிக்கணக்கில் இந்த எல்லையையே பார்க்கும்படி திட்டமிட்டது. அதன் எக்ஸ்ரே கருவியைச் செய்தது இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று என் மச்சினர் கட்டாயம் கேட்பார். 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலால் கனடாவின் கியூபெக்கில் சுமார் அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அந்த எல்லை எப்போது உள்ளே நெரிகிறது என்று தெரிந்தால், செயற்கைக்கோள் வைத்திருப்பவர்களும் மின்தொடர் நடத்துபவர்களும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

அன்றே ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் அவள் விஞ்ஞானி ஆகியிருப்பாள் என்று சினிமா வசனம் பேச மாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனால் "நல்ல கேள்விம்மா, எனக்குத் தெரியலை, தேடிச் சொல்றேன்" என்று சொல்ல ஐந்து வினாடி ஆகியிருக்குமா? அந்த ஐந்து வினாடி என்னிடம் இருந்தது. போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் கொடுக்கவில்லை.

உங்களில் நிறையப் பேர் இன்று ஆசிரியர்கள். அறிவுரை சொல்லவில்லை. இந்தக் கதையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் முகநூலில் இல்லை. அவள் தம்பி இருக்கிறான், இதைப் படிப்பான். தம்பி, அக்காவிடம் படித்துக் காட்டு. சார் மன்னிப்புக் கேட்டார் என்று சொல். அவள் பையனிடமும் சொல்: அவன் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்விதான். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும். இந்தத் தடவை எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தே கேட்கலாம், காபியும் உண்டு.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்