ரோஜர் என்ன ஆனான்?

போன மே மாத விடுமுறையில் அக்கா மகளுக்கு 'தி கோல்டன் காம்பஸ்' படத்தைப் போட்டுக் காட்டினேன். அவளுக்குப் பதினொரு வயது. கதையின் நாயகி லைராவுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ரோஜர் அப்புறம் என்ன ஆனான்?"

"அதெல்லாம் அடுத்த பார்ட்ல வரும்" என்றேன்.

பொய். அந்தப் படத்துக்கு அடுத்த பாகமே கிடையாது. ரோஜர் என்ன ஆனான் என்பதும் எனக்குத் தெரியும். (நாவலைப் படிக்காதவர்கள் கவனிக்க: இனி வருவது முழுக்க ஸ்பாய்லர்.)

பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' 1995இல் வந்தது. அமெரிக்காவில் அதே நாவலுக்கு 'தி கோல்டன் காம்பஸ்' என்று பெயர். 2007இல் கிறிஸ் வைட்ஸ் எடுத்த படம் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. லைராவின் உலகத்தில் மனிதர்களின் ஆன்மா உடம்புக்கு வெளியே, ஒரு விலங்கின் உருவத்தில் கூடவே திரியும். அதுதான் டீமன். குழந்தைகளின் டீமன் நினைத்தபோது உருமாறும். வளர்ந்துவிட்டால் ஒரே உருவத்தில் நிலைத்துவிடும். குழந்தைகளைக் கடத்திப்போய், வடக்கே போல்வாங்கர் என்ற இடத்தில் அவர்களையும் டீமனையும் அறுத்துப் பிரிக்கிறார்கள். கடத்தப்பட்ட தோழன் ரோஜரை மீட்கக் கிளம்புகிறாள் லைரா.

'புத்தகத்துல இப்படி இல்லையே' என்று படம் முழுக்க நச்சரிக்கிற ஆள் இல்லை நான். திருமதி கூல்ட்டருக்கு நாவலில் கருங்கூந்தல். படத்தில் நிக்கோல் கிட்மனுக்குப் பொன்னிறக் கூந்தல். அவர் நடிப்பைப் பார்த்த புல்மனே தான் எழுதியதுதான் தப்பு என்று சொல்லிவிட்டார். கரடி அரசன் ஐயோஃபருக்குப் படத்தில் ராக்னர் என்று பெயர். ஐயோரெக், ஐயோஃபர் என்று ரெண்டு கரடி இருந்தால் பார்க்கிறவர்கள் குழம்பத்தான் செய்வார்கள். நான் கோடு எழுதும்போதும் இப்படி ஒரே மாதிரி ரெண்டு பெயர் வந்தால் ஒன்றை மாற்றிவிடுவேன். விஷுவல் எஃபெக்ட்ஸுக்குக் கிடைத்த ஆஸ்கரும் நியாயமானதுதான்.

என் பிரச்சினை முடிவுதான். படத்தில் லைராவும் ரோஜரும் வான்கலத்தில் ஏறி, லார்ட் அஸ்ரியலைத் தேடி நம்பிக்கையோடு பறக்கிறார்கள். நாவலில் அதற்கப்புறமும் கதை இருக்கிறது. அவள் அஸ்ரியலின் வீட்டை அடைகிறாள். வாசலில் அவளைப் பார்த்ததும் அவர் நடுங்கிப்போகிறார். பின்னாலேயே ரோஜர் வருவதைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார். முதல் தடவை படித்தபோது அந்த நிம்மதி எனக்குப் புரியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் புரிந்தது. வேறொரு உலகத்துக்கு வழி திறக்க அவருக்கு ஒரு குழந்தை வேண்டும். டீமனை அறுக்கும்போது வெளிப்படும் சக்திதான் அந்த வழியைத் திறக்கும். தன் கையில் இருக்கும் அலெதியோமீட்டர்தான் அவருக்கு வேண்டும் என்று நம்பி வந்தாள் லைரா. அவருக்குத் தேவைப்பட்டதை உண்மையிலேயே கொண்டுவந்தாள். அது ரோஜர்.

காப்பாற்றப் போனவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அதுதான் கதை.

இந்தக் காட்சிகளை எடுக்காமல் விடவில்லை. எடுத்தார்கள், டிரெய்லரில்கூடக் கொஞ்சம் காட்டினார்கள், பிறகு வெட்டினார்கள். படம் நம்பிக்கையோடு முடியட்டும், மிச்சம் அடுத்த பாகத்தில் வரட்டும் என்பது திட்டம். சுமார் 18 கோடி டாலர் போட்ட படம். அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் புறக்கணிப்புக்கு அழைத்திருந்தது. அங்கே வசூல் 7 கோடி டாலர் அளவில் நின்றது. வெளிநாடுகளில் நன்றாகவே ஓடியது, ஆனால் நியூ லைன் நிறுவனம் அந்த உரிமைகளை முன்கூட்டியே விற்றிருந்தது. 2008இல் அந்த நிறுவனமே வார்னருக்குள் கரைந்துபோனது. அடுத்த பாகம் வரவேயில்லை. திரையில் ரோஜர் இன்னமும் பறந்துகொண்டிருக்கிறான்.

வெட்டுப்பட்டது ஒரு சோகக் காட்சி மட்டும் இல்லை. மூன்றாவது நாவலில் லைரா செத்தவர்களின் உலகத்துக்கே போகிறாள். எதற்கு? ரோஜரிடம் மன்னிப்புக் கேட்க. இந்த முடிவை எடுத்துவிட்டால் அந்தப் பயணத்துக்குக் காரணமே கிடையாது. பிபிசியும் எச்பிஓவும் 2019இல் இதைத் தொடராக எடுத்தபோது, முதல் பருவத்தை ரோஜரின் மரணத்தில்தான் முடித்தார்கள்.

படம் குழந்தைகளை எங்கெங்கே நம்பாமல் போனது என்று பார்த்தால் இன்னொரு இடமும் இருக்கிறது. நாவலில் டோனி மகாரியோஸ் என்ற பையன், டீமன் போன பிறகு ஒரு காய்ந்த மீனை மார்போடு அணைத்தபடி கிடக்கிறான். அன்றிரவே செத்துப்போகிறான். அந்த மீனை ஒருவர் நாய்களுக்குப் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும் லைரா கொதிக்கிறாள். படத்தில் அந்த இடத்துக்கு வருவது பில்லி கோஸ்டா. அவன் அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்கிறான்.

கல்லூரி விடுதியில் நான் முதலில் பார்த்தது படத்தைத்தான். பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு மாதம் கழித்து நாவலை முடித்த இரவு தூங்கவில்லை. நல்லது நினைத்துச் செய்த காரியம்கூட இன்னொருத்தனைப் பலி வாங்கும் என்று எனக்கு யாரும் அதற்குமுன் சொல்லியிருக்கவில்லை. சின்ன வயதிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அப்படி நினைத்தவன்தான் இந்த மே மாதம் ஒரு குழந்தையிடம் 'அடுத்த பார்ட்ல வரும்' என்றேன். தயாரிப்பாளர்கள் சொன்ன அதே பதில். அவர்களுக்காவது 18 கோடி டாலர் பயம். எனக்கு என்ன பயம்? அவள் அழுவாள், அக்கா திட்டுவாள். அவ்வளவுதான்.

அவள் ஊருக்குக் கிளம்பும்போது நாவலைப் பையில் வைத்தேன். "நான் சொன்னது பொய்டா. ரோஜர் என்ன ஆனான்னு இதுல இருக்கு. கஷ்டமா இருக்கும்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ராத்திரி போன் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மாமா, அவ அவனக் காப்பாத்தத்தானே போனா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"ரெண்டாவது புக் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.