மூன்றாம் வழி

கருவி இயங்காதாயின் அதனையே பழித்தல் நம் இயல்பு. சென்ற கோடை விடுமுறையில் யானும் அப்பிழையைச் செய்ய இருந்தேன்.

மறைந்த என் பாட்டனார் பல்லாண்டு தொகுத்த வட்டாரச் சொற்குறிப்புகள், லினக்ஸால் இயங்கும் அவருடைய பழைய கணிப்பொறியில் கிடந்தன. நெகிழ்வட்டுக் கருவி பழுதுற்றமையால், பழைய வலைப்பின்னல் அட்டை ஒன்றைப் பொருத்தி, அவற்றை வேறு பொறிக்கு மாற்றக் கருதினேன். அட்டை இயங்கவில்லை. "பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடு" என்றார் என் தமையனார்.

அன்றிரவு, திரையிலெழுந்த செய்தியை மீண்டும் பொறுமையாகப் படித்தேன். குறுக்கீட்டு வழி 3 கிடைக்கவில்லை என்றிருந்தது.

குறுக்கீடாவது யாது? விசைப்பலகை முதலிய உறுப்புகள், தமக்கு வேலை நேர்ந்தவுடன் செயலியை அழைக்கும் மணி எனலாம். 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கணிப்பொறியில் அம்மணிகளுக்கு 16 வழிகள். இரு சில்லுகளைப் பிணைக்க ஒன்று செலவாக, எஞ்சுவன 15. அம்மரபில் வந்த பழைய அட்டைகள் இரண்டு, ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ளல் பெரும்பாலும் இயலாது.

எவ்வழி எவரிடமுளது என்பதை லினக்ஸ் மறைப்பதில்லை; 'பிராக்' அடைவிலுள்ள 'இன்டரப்ட்ஸ்' என்னும் கோப்பிற் காட்டுகின்றது. அதனைத் திறந்தேன். 3ஆம் எண்ணுக்கு நேரே சீரியல் வாயிலின் பெயர் நின்றது. பாட்டனார் என்றோ மோடத்திற்காக அமைத்த நிரல், பொறி எழுந்தோறும் இரண்டாம் சீரியல் வாயிலைத் திறந்து அவ்வழியைப் பற்றிக்கொண்டிருந்தது. என் அட்டையும் அவ்வெண்ணுக்கே அமைந்திருந்தது. இரண்டிலும் பழுதில்லை, இடமே ஒன்று.

அந்நிரலை நிறுத்தினாலும் போதும். ஆயினும், பாட்டனார் அமைத்ததைக் கலைக்க மனம் வரவில்லை. பட்டியலில் 10ஆம் எண் இல்லை. எனினும், பயன்படுத்தப்படாத கருவியின் வழி அங்கே தோன்றாதாதலின், பெட்டியிலிருந்த ஏனை அட்டைகளையும் ஆராய்ந்த பின்னரே அதனைத் தெரிந்தேன். மின்சாரத்தை நிறுத்தி, அட்டையிலுள்ள ஜம்பரை 10க்கு மாற்றினேன். அட்டையின் இயக்கிக்கும் அவ்வெண்ணை அறிவித்தேன்.

மீண்டும் கோப்பைத் திறந்தபொழுது 10ஆம் வழி அட்டையின் பெயரோடு தோன்றிற்று. குறிப்புகள் செல்லத் தொடங்கின. திறந்து பார்க்குந்தோறும் அவ்வழிக்கு நேரேயிருந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது. பாட்டனாரே என்னைப் பன்முறை அழைப்பதுபோல் இருந்தது.

நண்பர்களே, பெட்டியை எறிந்திருப்பின் அச்சொற்களும் ஒழிந்திருக்கும். பழுதென்று துணியுமுன், பொறி தானே சொல்வதைப் படித்தல் வேண்டுமென்று அறிந்தேன். இப்பொழுது அக்குறிப்புகளை என்னினும் மிகுதியாகப் படிப்பவர் என் தமையனாரே.