செத்துப் பிழைத்த இரவு

"இன்றைக்கு நான் செத்துப் பிழைத்தேன்!"

ஆபீஸிலிருந்து வீடு திரும்பும் கணவர், வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பஸ்ஸில் அடிபட்டாரோ, ரயிலில் விழப் பார்த்தாரோ என்று பதறித்தானே போவீர்கள்? என் அம்மாவும் பதறித்தான் போனாள். ஆனால் அப்பாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டை மடிப்புக் கலையவில்லை. அவர் பாட்டுக்கு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தவர், விடியும் வரை இறங்கி வரவில்லை. "என்ன ஆயிற்று?" என்று கேட்டதற்கு, "சொல்லக் கூடாது" என்று ஒரே பதில்.

இது நடந்தது 1989-ல். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அம்மா இதை வருஷத்துக்கு நாலு தரமாவது சொல்லிச் சொல்லி, நானே பக்கத்தில் நின்று பார்த்தது போல் ஆகிவிட்டது.

அப்பா ஒரு 'மேசன்'. அதாவது ஃப்ரீமேசன். மேசன் என்றால் கொத்தனார் என்று அகராதி சொல்லும். அப்பாவோ பாங்கு உத்தியோகஸ்தர்; சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் கட்டை விரலில் அடித்துக்கொள்வார்! மாதம் ஒரு தடவை, தட்டையான கறுப்புத் தோல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, எழும்பூர் எத்திராஜ் சாலையில் இருக்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குப் போவார். "லாட்ஜுக்குப் போகிறேன்" என்பார். சொந்த வீடு இருக்க, இவர் எதற்காக லாட்ஜில் போய்த் தங்குகிறார் என்று எதிர் வீட்டு மாமி அம்மாவிடம் துக்கம் விசாரித்தது தனிக் கதை. "அது தலைவெட்டிக் கோயிலாம் அம்மா, ஜாக்கிரதை!" என்று வேறு சொல்லி வைத்தாள்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. சென்ற வருஷம் நான் லண்டன் போகச் சந்தர்ப்பம் வாய்த்தபோது, அம்மா ஊறுகாய்ப் புட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கொத்தனார்களுக்கெல்லாம் தலைமை இடம் அங்கேதானே இருக்கிறது? போய்க் கேட்டுக்கொண்டு வா, உங்கப்பாவை அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று."

ஆகவே, வாசகியரே, வாருங்கள். ஹோபர்ன் ஸ்டேஷனில் பாதாள ரயிலை விட்டு இறங்கி, ஐந்து நிமிஷம் நடந்தால் கிரேட் குவீன் தெரு. தெருவில் நுழைந்ததுமே மலை போல் ஒரு வெள்ளைக் கட்டடம், மேலே ஒரு கோபுரம். எதிர்வரிசையில் மேசன்களுக்கான சட்டை சாமான் விற்கும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் நீலப் பட்டை வைத்த வெள்ளைத் தோல் ஏப்ரன்கள் தொங்குகின்றன. நம் ஊரில் சமையற்காரர் கட்டுவாரே, அது போல. ஆனால் ஜரிகையும் குஞ்சலமுமாக! அப்பாவின் பெட்டிக்குள் இருந்தது இதுதானோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

ரகசியச் சங்கம் என்கிறார்களே, உள்ளே விடுவார்களா என்று பயந்துகொண்டே போனேன். விடுவதாவது! மியூசியம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆள்கூட உண்டு. எனக்கு வாய்த்தவர் எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். நாற்பது வருஷ மேசன்.

கட்டடம் 1927-ல் தொடங்கி 1933-ல் முடிந்தது. முதல் உலக யுத்தத்தில் மாண்ட 3,225 மேசன்களின் நினைவாக எழுப்பியது. மாடியில் அவர்கள் பெயர்களை எழுதிய சுருளை ஒரு வெண்கலப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். நாலு மூலையிலும் போர்வீரர் உருவங்கள் மண்டியிட்டிருக்கின்றன. மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல். அந்த இடத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அங்கிருந்து பெரிய மண்டபம். அதன் வெண்கலக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றே கால் டன் எடை. தாத்தா ஒரு கையால் தள்ளினார், சத்தமின்றித் திறந்துகொண்டது. அடேயப்பா! ஆயிரத்து எழுநூறு பேர் உட்காரலாம். அண்ணாந்து பார்த்தால் நீல ஆகாயமும் தங்க நட்சத்திரங்களுமாக மொசைக் விதானம். கீழே கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போன்ற விரிப்பு. சுகமும் துக்கமும் மாறி மாறி வருவதற்கு அது அடையாளமாம்.

"சாமி எங்கே?" என்று கேட்டேன்.

"இங்கே விக்கிரகம் கிடையாது. இது மதமும் இல்லை. 'பிரபஞ்சத்தின் மகா சிற்பி' என்று பொதுவாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பினால் போதும். அவரவர் தமக்குரிய வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யலாம். உங்கள் அப்பா கீதையின் மேல் செய்திருப்பார். லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் பேசக் கூடாது" என்றார்.

அப்பா என்றதும், வந்த காரியத்தைச் சொல்லிவிட்டேன். செத்துப் பிழைத்த கதை, மொட்டை மாடி, எல்லாவற்றையும். தாத்தா சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், தானும் உட்கார்ந்தார்.

"கைகுலுக்கும் முறையையும் சங்கேத வார்த்தைகளையும் சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் 1730-லேயே ஒருவர் புஸ்தகம் போட்டு விற்றுவிட்டார். அதனால் சொல்வதில் தவறில்லை" என்று ஆரம்பித்தார்.

புதிதாகச் சேருகிறவரை முதலில் ஓர் அறையில் நிறுத்தி, அவரிடமிருக்கும் காசு, மோதிரம், கடிகாரம், உலோகம் எதுவானாலும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கோட்டைக் கழற்றி, சட்டையை ஒரு பக்கம் திறந்து, ஒரு முழங்கால் தெரியக் கால்சட்டையைச் சுருட்டி, ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டி, கண்ணைக் கட்டி, கழுத்தில் ஒரு சுருக்குக் கயிறும் போடுகிறார்கள்! பெரிய ஜட்ஜானாலும் சரி, பிரபுவானாலும் சரி, இதே கோலந்தான். கதவைத் தட்டி உள்ளே அழைத்துப்போகும்போது மார்பில் கூரான ஏதோ ஒன்று தொடுகிறது. பிறகு கையைப் பிடித்து மண்டபத்தைச் சுற்றி வருகிறார்கள். யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. மண்டியிட்டுச் சத்தியம் செய்த பிறகு ஒரு கேள்வி: "இத்தனை நேரம் இருட்டிலே இருந்தாயே, இப்போது உன் மனம் எதை விரும்புகிறது?" பதில்: "வெளிச்சம்." உடனே படீரென்று எல்லாரும் ஒரே கைதட்டல். கட்டு அவிழ்கிறது. எதிரே வேத புஸ்தகம்.

"அந்த நிமிஷத்தில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு ஒன்றுமே ஆகாது, எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்" என்றார் தாத்தா. இப்படி ஒளிக்காமல் சொன்னதனால்தான் அவர் சொன்ன மற்றதையும் நான் நம்பினேன்.

அதோடு முடியவில்லை. புது ஆளை வடகிழக்கு மூலையில் நிறுத்துகிறார்கள். கட்டடத்துக்கு முதல் கல் வைக்கும் மூலை அது. நம் ஊரில் ஈசானிய மூலை என்கிறோமே, அதேதான்! அங்கே ஒருவர் வந்து, "ஏழைகளுக்காக ஏதாவது கொடு" என்கிறார். அவனோ தடவித் தடவிப் பார்க்கிறான்; ஒரு தம்பிடி இல்லை. எல்லாவற்றையும்தான் வாசலிலேயே வாங்கிவிட்டார்களே! இருந்தால் கொடுத்திருப்பேனே என்று கூனிக் குறுகி நிற்கிறான். "இந்த நிலைமையை மறக்காதே. கஷ்டத்திலிருக்கும் ஒருவன் உன்னிடம் வந்தால், நீ இங்கே கையில் ஒன்றுமில்லாமல் நின்றதை நினைத்துக்கொள்" என்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. என் காலேஜ் சம்பளத்துக்கு எடுத்து வைத்த பணத்தை, முந்தின நாள் மாலை வந்து நின்ற ஒரு நண்பரிடம் அப்பா அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. "இல்லை என்று சொல்ல வாயே வராதா?" என்று அம்மா ஒரு மாதம் அப்பாவுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மூலையில் நின்றது அவர். வளையலைக் கழற்றியது அம்மா. இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.

"சரி, செத்தது எப்போது?" என்றேன்.

"அது மூன்றாவது சடங்கு. சேர்ந்து சில மாதம் கழித்து."

சாலமன் ராஜா ஜெருசலேமில் ஆலயம் கட்டியபோது ஹிராம் என்று தலைமைச் சிற்பி ஒருவன் இருந்தான். அவனிடம் இருந்த ரகசியத்தைக் கேட்டு மூன்று வேலையாட்கள் மூன்று வாசலில் மறித்தார்கள். சொல்ல மறுத்தான், அடித்துக் கொன்றுவிட்டார்கள். பைபிளில் ஹிராம் உண்டு. இந்தக் கொலை கிடையாது. இது மேசன்கள் சொல்லும் கதை. சடங்கிலே ஹிராமாக இருப்பவர் சேர வந்தவரேதான். மண்டபத்து விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். கிழக்கே ஒரே ஒரு மினுக்கல். அவரைக் கீழே சாய்த்துப் பிணமாகக் கிடத்துகிறார்கள். சுற்றிலும் நடக்கும் காலடிச் சத்தம். இரண்டு தடவை எழுப்பப் பார்க்கிறார்கள், முடிவதில்லை. மூன்றாந் தடவை தலைவரே வந்து, கையோடு கை, காலோடு கால், மார்போடு மார்பு சேர்த்துத் தூக்கி நிறுத்துகிறார்.

"என் தாயார் இறந்து இரண்டு மாதத்தில் எனக்கு அது நடந்தது. படுத்துக் கிடந்தபோது என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. நடிப்புதான், நண்பர்கள்தான், தெரியும். ஆனாலும் ஒரு சமயம், நான் படுத்திருப்பதை நானே தூரத்தில் நின்று பார்ப்பது போல் இருந்தது. பயமே இல்லை. அம்மாவும் இப்படித்தான் போயிருப்பாள், வலித்திருக்காது என்று தோன்றியது. எத்தனை நேரம் என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்தச் சடங்கை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன், அது மட்டும் மறுபடி வரவேயில்லை" என்றார்.

எனக்கு மதுரை ஞாபகம் வந்தது. 1896-ல் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், சித்தப்பா வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் பிடித்து, பிணம் போல் விறைத்துப் படுத்து, 'சாவது எது?' என்று விசாரித்தாரே, பிற்பாடு ரமண மகரிஷி ஆனாரே! அவருக்குக் கயிறும் வேண்டியிருக்கவில்லை, லாட்ஜும் வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா? சங்கீத மேதை மொஸார்ட் 1784-ல் வியன்னாவில் மேசன் ஆனவர். 1787-ல் தகப்பனார் நோயாய்ப் படுத்திருக்கும் செய்தி கேட்டு எழுதிய கடிதத்தில், மரணத்தைத் தன் நல்ல சிநேகிதனாகப் பழகிக்கொண்டுவிட்டதாகவும், நினைத்தால் ஆறுதலாகவே இருப்பதாகவும் சொல்கிறார். தகப்பனாரும் மேசன்; ஜாடையாய்ச் சொன்னாலே புரியும். அடுத்த மாதம் அவர் இறந்துவிட்டார்.

நம் அடையாற்றுக்கும் இதில் பங்குண்டு. தியாஸபிகல் சொஸைட்டியின் லெட்பீட்டர், லாட்ஜ் தொடங்கும்போது கண்ணுக்குத் தெரியாத தேவகணங்கள் வந்து கூடுவதாகவும் சக்தி அலைகள் எழுவதாகவும் தம் ஞானக் கண்ணால் கண்டு, 1926-ல் புஸ்தகமே போட்டார். தாத்தாவைக் கேட்டேன். "நாற்பது வருஷத்தில் ஒரு தேவதையும் எனக்குத் தட்டுப்படவில்லை, அம்மா" என்றார். எனக்கும் தாத்தா பக்கந்தான் மனம் சாய்கிறது.

இந்த வரிசையில் நம்மவர்களுக்குக் குறைவில்லை. ஆர்க்காட்டு நவாபின் மூத்த பிள்ளை உம்தத்-உல்-உமரா 1770-களிலேயே திருச்சியில் மேசன் ஆனார். நரேந்திரநாத தத்தர், அதாவது பிற்காலத்து விவேகானந்தர், 1884-ல் கல்கத்தாவில் சேர்ந்தார். 1961 முதல் இந்தியாவுக்கென்று தனித் தலைமை லாட்ஜே இருக்கிறது.

"எல்லாம் சரி. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் இதென்ன ரகசியம்? ஆண்களுக்கு மட்டுந்தான் சாவும் பிழைப்புமா?" என்று கேட்டேவிட்டேன்.

தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் இந்த ஊரில் பெண்களுக்கென்றே தனி லாட்ஜுகள் உண்டு. என் மனைவி அதில் இருக்கிறாள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்வதேயில்லை!"

பிரான்ஸில் 1882-லேயே மரியா தெரேம் என்ற மாதரசி லாட்ஜில் நுழைந்து பெரிய அமளியை உண்டாக்கிவிட்டார். 1893-ல் ஆணும் பெண்ணும் சமமாய் இருக்கும் சங்கமே பிறந்தது. அதில் 1902-ல் சேர்ந்துதான் அன்னிபெஸன்ட் அம்மையார் அதை அடையாறுக்கும் கொண்டுவந்தார். ஆக, என் அம்மா நினைத்திருந்தால் பஸ் ஏறிப் போயே விசாரித்திருக்கலாம். யார் அவளுக்குச் சொன்னார்கள்?

வெளியே வந்து தெருவோரம் நின்று ஊருக்கு டெலிபோன் செய்தேன். அங்கே விளக்கு வைத்தாகிவிட்டது. தாத்தா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கண் கட்டு, காசில்லாத மூலை, இருட்டு, பிணமாய்க் கிடந்தது எல்லாம். அம்மா 'உம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

"கழுத்திலே கயிறா போட்டார்கள்?"

"ஆமாம் அம்மா. சுருக்குக் கயிறு."

"இதற்கு அவ்வளவு பெரிய ரகசியமா? கழுத்திலே கயிறு விழுந்தால் எப்படியிருக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே!"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "அம்மா, அம்மா" என்றேன்.

"இருக்கிறேன். அன்றைக்கு மோர்க்குழம்பு வைத்திருந்தேன், வெண்டைக்காய் போட்டு. அவருக்குப் பிடிக்குமே என்று. சொல்லமாட்டேன் என்றாரே என்ற கோபத்தில், சாப்பிட வாருங்கள் என்று நான் இரண்டாந் தடவை கூப்பிடவில்லையடி."