ஒரு நடை மிச்சம்

யோங் பெங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களே மிகுதி. அத்தோட்டங்களில் ஒன்றில் பல ஆண்டுகள் மருந்து தெளிக்கும் வேலை செய்து ஓய்வுபெற்றவர் அந்தத் தாத்தா. வீட்டின் பின்புறம் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டிருந்தார். ஒரு நாள் காலையில் வெண்டை இலையில் பூச்சியையும் கத்தரி இலையில் நோய்ப்புள்ளியையும் கண்டார். உடனே பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி ஆகிய இரண்டு போத்தல்களையும் எடுத்து வந்தார்.

விவசாயம் படிக்கும் பேத்தி, கெடாவின் மூடா நெல்வயல்களில் பயிற்சியை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“ஏன் தாத்தா இரண்டையும் ஒன்றாகக் கலக்கிறீர்கள்?”

“ஒரு நடை மிச்சம் அம்மா. முதுகில் சுமந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.”

அவர் சொன்னதில் உண்மை உண்டு. 16 லிட்டர் தெளிப்பான் நிரம்பினால் நீரின் எடை மட்டுமே 16 கிலோ. நெல் விவசாயிகளும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் ஒரே சமயத்தில் தாக்கும்போது, இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தெளித்தால் நேரமும் கூலியும் மிச்சமாகும். ஆனால், எல்லா மருந்துகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

“புரோபனில் என்னும் களைக்கொல்லி களையை அழிக்கும்; நெல்லை அழிக்காது. நெல்லில் உள்ள ஒரு நொதி அம்மருந்தைச் சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் அந்த நொதியைத் தடுத்துவிடும். ஆகவே, இவற்றைக் கலந்து தெளித்தால் களையோடு நெல்லும் கருகும்,” என்றாள் பேத்தி.

தாத்தா கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தார்.

“இன்னொன்றும் உண்டு தாத்தா. நோய்க்கு மருந்தடிக்கும்போது, ‘இருக்கட்டுமே’ என்று பூச்சிக்கொல்லியையும் சேர்ப்பது நல்லதன்று. இந்தோனேசியாவில் புகையான் பூச்சி நெல்வயல்களைச் சூறையாடியது. மருந்தடிக்க அடிக்க, அதனைத் தின்னும் சிலந்திகள் மடிந்தன. நெல்லின் இலையுறைக்குள் இருந்த புகையான் முட்டைகளோ தப்பின. அவை பொரித்தபோது எதிரிகளே இல்லை! 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. பின்னர், வயலில் இறங்கிப் பூச்சிகளையும் அவற்றின் எதிரிகளையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்க விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.”

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. “எங்களுக்கு அடிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எண்ணச் சொல்லிக்கொடுக்கவில்லை,” என்றார்.

இருவரும் வெண்டைச் செடியருகே குனிந்தார்கள். பேத்தி ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். அசுவினிப் பூச்சிகளுக்கு நடுவே பொறிவண்டின் புழு ஒன்று அவற்றைத் தின்றுகொண்டிருந்தது. கத்தரியிலும் நான்கைந்து இலைகளில் மட்டுமே புள்ளிகள் இருந்தன. தாத்தா அவற்றைக் கிள்ளி அப்புறப்படுத்தினார்.

அன்று தெளிப்பான் நிரம்பவே இல்லை. ஒரு நடையை மிச்சப்படுத்த நினைத்தவருக்கு இரண்டு நடையுமே மிச்சமாயின.